பையனுக்கு எடை ஏறிக்கிட்டே போகுது, நீச்சல்ல சேர்த்தா குறையுமா?

பெள்ளந்தூர் அம்மா | ஞாயிறு, இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கம். எங்க பையனுக்கு 9 வயசு. உயரம் 134 செ.மீ., எடை 42 கிலோ. காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்துல டாக்டர் ஒரு அட்டவணையை எடுத்து, பேனாவால புள்ளி வச்சு, "மேல் கோட்டையும் தாண்டியாச்சும்மா, ஏதாவது விளையாட்டுல போடுங்க"ன்னு சொல்லிட்டார். ஓட்டம் அவனுக்கு ஆகல. ஃபுட்பால் கோச்சிங்ல சேர்த்தோம். ரெண்டு தொடையும் உரசிப் புண்ணாச்சு, கூட விளையாடற பசங்க "குண்டு"ன்னு கூப்பிட்டாங்க, போகமாட்டேன்னு நின்னுட்டான்.

பெங்களூர்ல எங்க அபார்ட்மென்ட்லயே நீச்சல் குளம் இருக்கு. வெளியிலேர்ந்து ஒரு கோச் வந்து வாரம் மூணு நாள், 45 நிமிஷம் சொல்லிக்கொடுக்கறார். மாசம் 3,500. கேள்வி ரெண்டு. நீச்சலால நிஜமாவே எடை குறையுமா? அப்புறம், மாமியார் "தண்ணில ஊறினா சளி பிடிக்கும், இருக்கற வீசிங் இன்னும் ஜாஸ்தியாகும்"னு பயப்படறாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கிணத்துமேட்டான் | ஞாயிறு, இரவு 10:20

யோசிக்காம சேர்த்துவிடுங்க மேடம். நாங்கெல்லாம் கோபி பக்கம். கல்யாண முருங்கைக் கட்டையை முதுகுல கட்டி, மாமா பம்புசெட் மேட்டுலேர்ந்து தள்ளிவிட்டாரு. தவளை நீச்சல், மல்லாக்க நீச்சல், முங்கு நீச்சல் எல்லாம் தானா வந்துச்சு. மே மாசம் பூராவும் கிணத்துலதான். எங்க செட்டுல குண்டுன்னு ஒருத்தன் கிடையாது.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, இரவு 10:41

அண்ணா, உங்க செட்டுல குண்டு இல்லாததுக்குக் கிணறு காரணமா, ஏழு மணிக்குக் களியைத் தின்னுட்டு எட்டு மணிக்குப் படுத்தது காரணமா? அன்னைக்கு நீச்சல் தெரியாத பசங்களும் ஒல்லியாத்தான் இருந்திருப்பாங்க.

எங்க அண்ணன் பொண்ணு ஒரு வருஷமா எச்எஸ்ஆர்ல நீச்சலுக்குப் போறா. ஒரு கிலோ குறையல, மூணு கிலோ ஏறியிருக்கா. எடைங்கறது அடுப்படி விவகாரம். குளத்துக்குக் கட்டற காசுக்குக் காய்கறி வாங்குங்க.

அல்சூர் பெரியவர் | திங்கள், காலை 5:38

அம்மா, நான் அல்சூரில் 50 வருஷமாக இருக்கிறேன். தமிழ்ச் சங்கத்துக்குக் கிட்டத்தில் கென்சிங்டன் ரோட்டில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது. என் இரண்டு மகன்களும், இப்போது பேரனும், அங்கே கற்றவர்கள்தான். இந்த ஊர் நீச்சலுக்குப் பேர்போன ஊர். நிஷா மில்லட் 2000-ல் சிட்னி ஒலிம்பிக்ஸில் நீந்தினார். நீச்சல் வீரர் ஸ்ரீஹரி நடராஜ் நம் ஊர்ப் பிள்ளை. 2024-ல் பாரிஸில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்திய தினிதி தேசிங்குவுக்கு அப்போது வயது 14. பயிற்சி எல்லாம் இங்கேதான். பசவனகுடி, ஜெயநகர், சதாசிவநகர், எந்தப் பக்கம் போனாலும் நல்ல குளங்கள் உண்டு. அபார்ட்மென்ட் குட்டையோடு நின்றுவிட வேண்டாம்.

லேன் நாலு | திங்கள், காலை 6:05

மாநில அளவுல நீந்தினவன், இப்போ ஐடி வேலை, சனி ஞாயிறு பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறேன். மேல இருக்கற ரெண்டு கட்சியும் பாதிதான் சொல்லுது.

கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம். நிதானமா நீந்தினா, சும்மா உட்கார்ந்திருக்கறப்ப செலவாகறதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு சக்தி செலவாகும். விடாம வேகமா ஃப்ரீஸ்டைல் அடிச்சா பத்து மடங்கு கிட்டப் போகும். 42 கிலோ பையன் ஒரு மணி நேரம் நிதானமா நீந்தினா 250 கலோரி. இது பெரியவங்களுக்குப் போட்ட கணக்கு, பசங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே வரும். காகிதத்துல நல்லாத்தான் இருக்கு.

ஆனா ஒரு நாள் அந்த வகுப்பு நடக்கறப்ப குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்க மேடம். பதினஞ்சு பசங்க, ஒரு கோச், ஒரு லேன். ஒருத்தன் போய்ட்டு வர்ற வரைக்கும் மீதிப் பேர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நிப்பாங்க, ஒருத்தன் மேல ஒருத்தன் தண்ணி தெளிப்பாங்க. 45 நிமிஷத்துல உங்க பையன் கைகால் அடிக்கற நேரம் கால் மணி தேறினா அதிகம். கால் மணிக்கு 60 கலோரி சொச்சம். வெளியில வந்தா கேட்டுக்கு எதிர்ல ஐயங்கார் பேக்கரி. ஒரு வெஜ் பஃப்ஸ் எப்படிப் பார்த்தாலும் 200 கலோரிக்குக் குறையாது. சந்தேகப்பிராணியோட அண்ணன் பொண்ணு கதை அந்த பேக்கரி வாசல்லதான் இருக்கும்னு நினைக்கறேன்.

அதனால கோச்சைப் பார்த்து ரெண்டு விஷயம் கேளுங்க. ஒரு பேட்ச்ல எத்தனை பேர்? நீந்தத் தெரிஞ்சவனுக்கும் கத்துக்கறவனுக்கும் தனித்தனி லேனா? ஆறேழு பேருக்கு மேல இருந்தா சேர்க்காதீங்க. முதல் சில மாசம் எடை மெஷினை எடுக்கவே எடுக்காதீங்க. தண்ணிக்குள்ள மூச்சு விட, முகத்தை முக்க, மிதக்கக் கத்துக்கற காலம் அது. 25 மீட்டரை நிக்காம தாண்ட ஆரம்பிச்ச பிறகுதான் நீச்சல் உடற்பயிற்சியா மாறுது.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்லமாட்டாங்க. கொழுப்பு தண்ணியைவிட லேசு. உங்க பையன் மாதிரிப் பசங்க மத்தவங்களைவிடச் சுலபமா மிதப்பாங்க. எலும்பும் தோலுமா இருக்கறவன் கால் கீழே இழுக்க, மூச்சு வாங்கித் தவிச்சுக்கிட்டு இருப்பான். மைதானத்துல எப்பவும் கடைசியா வந்த பையன், முதல் வாரமே மல்லாக்கப் படுத்து மிதந்து காட்டறப்ப அவன் மூஞ்சியைப் பார்க்கணும். நான் சனி ஞாயிறு தூங்காம குளத்துக்குப் போறதே அதுக்குத்தான்.

சந்தேகப்பிராணி | திங்கள், காலை 8:15

பஃப்ஸ் இல்ல, பானிபூரி. மத்தபடி ஒத்துக்கறேன். ஆனா நீங்களே சொல்றீங்க, கால் மணி நேரத்துக்கு 60 கலோரின்னு. அதுக்கு மாசம் 3,500 எதுக்கு? லிஃப்டை விட்டுட்டு மாடிப்படி ஏறச் சொல்லுங்க, இலவசம்.

லேன் நாலு | திங்கள், காலை 8:32

ஏறுவானா? தினமும் ஏறுவானா? "ஒருத்தரும் பார்க்காதப்ப லிஃப்ட்ல போய்ட்டான்"னு அடுத்த இழை நீங்கதான் போடுவீங்க. குழந்தை விரும்பிப் போற ஒண்ணுதான் வருஷக்கணக்கா நிக்கும்.

மருந்துச்சீட்டு | திங்கள், மதியம் 2:10

குழந்தை மருத்துவர். ஓபி முடிந்து எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் புள்ளி. டாக்டர் காட்டியது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் வெளியிட்ட அட்டவணையாக இருக்கும். பிஎம்ஐ என்பது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். பெரியவர்களுக்கு உலக அளவில் அதிக எடைக்கு 25, உடல் பருமனுக்கு 30 என்று பிஎம்ஐ எல்லை வைப்பார்கள். இந்திய உடம்புக்கு அதற்கு முன்னாலேயே சர்க்கரை, ரத்த அழுத்தம் எட்டிப்பார்ப்பதால் 23, 27 என்று இறக்கி, அதற்கு ஈடான கோடுகளைப் பிள்ளைகளின் அட்டவணையில் வரைந்திருக்கிறார்கள். உங்கள் மகனின் பிஎம்ஐ 23.4. பெரிய ஆளுக்கு இது எல்லையை ஒட்டிய எண். 9 வயதுப் பையனுக்கு மேல் கோட்டையும் தாண்டிய எண். "பெரியவனானா சரியாயிடும், இது பால் சதை" என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆனால் கிலோவைக் குறைக்கவும் கிளம்பாதீர்கள். வளரும் பிள்ளை இது. 42-லேயே ஒரு வருடம் நிறுத்தி வைத்தால் போதும். உயரம் 140 ஆகும்போது பிஎம்ஐ தானாக 21.4-க்கு இறங்கிவிடும். பட்டினி போட்டால் உயரமும் சேர்ந்து நின்றுபோகும். வளர்கிற பருவத்தில் கைகொடுக்கிற இந்தச் சலுகை நமக்கெல்லாம் கிடையாது.

இங்கேதான் நீச்சலின் வேலை. கலோரிக் கணக்கு அதில் சின்னப் பகுதி. ஒழுங்காக உடம்பு அசைகிற பிள்ளைக்கு எடை அதே இடத்தில் நின்றாலும், தசை சர்க்கரையை உள்ளே இழுக்கிற திறன் கூடுகிறது, இன்சுலின் தேவை இறங்குகிறது. அவன் கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கருத்து, தோல் தடித்திருக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் அதை அழுக்கு என்று நினைத்துப் பயத்தமாவு போட்டுத் தேய்க்கிறார்கள். அது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். இருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

மூட்டு விஷயமும் உண்டு. மார்பளவு தண்ணீரில் நிற்கிறவனின் காலில் அவன் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இறங்கும். ஓடும்போது முழங்கால் நோவதும் தொடை உரசுவதும் இதில் இல்லை. கனமான பிள்ளைகளுக்கு முதல் விளையாட்டாக நான் நீச்சலைச் சொல்வது இதனால்தான்.

முதல் விளையாட்டு என்றுதான் சொன்னேன், ஒரே விளையாட்டு என்று சொல்லவில்லை. எலும்பு உறுதிப்பட அதன் மேல் எடையும் அதிர்வும் விழவேண்டும். தண்ணீர் அதைத் தராது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடலசைவு கேட்கிறது. தசைக்கும் எலும்புக்கும் வேலை தருவது வாரத்தில் மூன்று நாளாவது அதில் சேரவேண்டும். வாரம் மூன்று 45 நிமிட வகுப்பு அந்தக் கணக்கில் பாதியைக்கூட நிரப்பாது. மற்ற நாட்களில் ஸ்கிப்பிங், நொண்டி, ஷட்டில், எதுவானாலும் தரையில் குதிக்கட்டும்.

பெள்ளந்தூர் அம்மா | திங்கள், மாலை 4:45

ரொம்ப நன்றி டாக்டர். கழுத்து கருப்பு இருக்கு. நான் வெயில்னு நினைச்சிருந்தேன். இந்த வாரமே காட்டறேன். வீசிங் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்களேன், மாமியாருக்கு அப்படியே படிச்சுக் காட்டிடறேன்.

மருந்துச்சீட்டு | திங்கள், இரவு 9:30

பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சளி பிடிப்பது வைரஸால். நனைந்ததால் வராது. வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு நீச்சல் ஒத்துக்கொள்கிறது. காக்ரன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் அமைப்பு. 2013-ல் வெளிவந்த அதன் தொகுப்பாய்வில் 8 ஆய்வுகள், 262 பிள்ளைகள். நுரையீரல் திறனும் உடல் வலுவும் கூடின, வீசிங் மோசமாகவில்லை. எண்ணிக்கை சின்னதுதான், ஆனாலும் என் ஓபி அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. தண்ணீர் மட்டத்தில் காற்று ஈரமாக இருப்பதால் வறண்ட காற்றில் ஓடும்போது வரும் இழுப்பு இதில் குறைவு.

இரண்டு நிபந்தனை. இன்ஹேலர் பை குளத்தோரம் இருக்கவேண்டும், வீட்டில் அல்ல. குளத்தருகே போனதும் கண் எரிந்து மூக்கைத் துளைத்தால் அன்றைக்கு இறக்காதீர்கள். அந்த வாடை குளோரின் அதிகமானதால் வருவதில்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின் வாடை அது, குளத்துக்குப் புதுக் குளோரின் போதவில்லை என்பதற்கு அறிகுறி. மூடிய கூரைக்குள் இருக்கும் குளங்களில் இது இன்னும் தொந்தரவு. எல்லாப் பிள்ளைகளும் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்தால் பாதி பிரச்சினை தீரும். நம் ஆட்கள் குளத்தில் இறங்குவதையே குளியல் என்று நினைக்கிறார்கள்.

இரட்டைப்பின்னல் | செவ்வாய், காலை 11:05

கலோரி, பிஎம்ஐ எல்லாம் சரிங்க. குண்டா இருக்கற குழந்தை சட்டையைக் கழட்டிட்டு இருபது பேர் முன்னாடி நிக்கணுமே, அதை ஒருத்தரும் பேசலையே? என் பொண்ணுக்கு 11 வயசு. கிளாஸ்ல சேர்ந்த புதுசுல பாத்ரூம்லேர்ந்து வெளியவே வரல. டவலைச் சுத்திக்கிட்டே வந்து, கடைசிப் படி வரைக்கும் டவலோட இறங்கி, தண்ணி கழுத்து வரைக்கும் வந்த பிறகுதான் என் கைல குடுத்தா.

முழுக்கை, முட்டி வரைக்கும் இருக்கற நீச்சல் உடை வாங்கிக் குடுத்தேன். பையன்களுக்கும் கிடைக்குது. அதைப் போட்டதும் பாதிப் பயம் போச்சு. இன்னொரு பாதி கோச் கைல இருக்கு. எங்க முதல் கோச் "ஏய் பூசணி, காலை அடி"ன்னு கூப்பிடுவார். கேட்டா "செல்லமா சொல்றேன் மேடம்"னு சிரிப்பார். வேற இடம் பார்த்து மாத்திட்டேன். இப்ப இருக்கற அக்கா ஒரு நாள்கூட உடம்பைப் பத்திப் பேசினதில்ல. "நேத்தைவிட ஒரு கை குறைச்சல்ல வந்துட்ட"ன்னு மட்டும் சொல்வாங்க.

கருத்துப்போயிடுவான்னு எங்க வீட்லயும் ஒரு மகாநாடு நடந்தது. சாயந்திரம் அஞ்சரைக்கு மேல பேட்ச் எடுத்தோம், மகாநாடு கலைஞ்சுது. முடிக்கு: இறங்கறதுக்கு முன்னாடி நல்ல தண்ணில தலையை நனைச்சு, பின்னி, தொப்பி போடணும். நனைஞ்ச முடி குளத்துத் தண்ணியை அவ்வளவா குடிக்காது. எண்ணெய் தடவிட்டு இறங்காதீங்க, குளம் பூரா மிதக்கும். பீரியட்ஸ் நாள்ல என் பொண்ணு போகமாட்டா, அது அவ விருப்பம். கப்போ டாம்பானோ வச்சுக்கிட்டுப் போற பொண்ணுங்களும் அதே பேட்ச்ல இருக்காங்க. ரெண்டுலயும் தப்பில்ல.

கிணத்துமேட்டான் | செவ்வாய், மதியம் 1:20

நீங்க சொன்னது யோசிக்க வச்சுது மேடம். கிணத்துல எல்லாரும் கோவணத்தோட, சிலபேர் அதுவும் இல்லாம. வெக்கம்னு ஒண்ணு வந்ததே இல்ல. ஆனா நீங்க சொன்னதுக்கப்புறம் யோசிக்கறேன், எங்க தெருவுல ஒரே ஒரு பொண்ணுகூடக் கிணத்துக்கு வந்ததில்லையே.

டேங்கர் கணக்கு | செவ்வாய், மாலை 6:40

எல்லாரும் கோவிச்சுக்கப் போறீங்க. 2024 மார்ச் மறந்துபோச்சா? நீச்சல் குளத்துக்குக் குடிநீர் ஊத்தக்கூடாதுன்னு குடிநீர் வாரியம் தடை போட்ட ஊர் இது. 25 மீட்டர் நீளம், பன்னிரண்டரை மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம்னு வச்சா ஒரு குளத்துக்கு 3.75 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர்ல 31 லோடுக்கு மேல. போர்வெல் வத்தி, பக்கத்துல குடும்பங்க குடம் வச்சுக்கிட்டு நிக்கறப்ப, நம்ம பசங்க கொழுப்பைக் கரைக்க 31 லோடா?

லேன் நாலு | செவ்வாய், மாலை 7:02

பெருக்கல் சரி, ஆனா அது தினமும் ஊத்தற தண்ணி இல்லையே. ஒரு தடவை நிரப்பி, வடிகட்டி வடிகட்டி வருஷக்கணக்கா ஓட்டறது. தினசரி இழப்பு ஆவியாகறது, தெளிச்சு வெளிய போறது, ஃபில்டரைத் திருப்பிக் கழுவறது. ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் ஆவியானா உங்க குளத்துல ஆயிரத்து சொச்சம் லிட்டர். ராத்திரி மேல ஷீட் போட்டு மூடினா அதுலயும் பெரும்பகுதி மிச்சம். அபார்ட்மென்ட் கார் கழுவற தண்ணியை யாராச்சும் அளந்திருக்கோமா?

டேங்கர் கணக்கு | செவ்வாய், இரவு 7:20

ஷீட் போடற ஒரு அபார்ட்மென்ட்டைக் காட்டுங்க. எங்க சங்கத்துல மூணு கூட்டத்துலயும் கேட்டாச்சு, "அழகு கெட்டுடும்"னு பதில். அந்தக் கோடையில பாசி பிடிச்ச குளத்தை முழுசா வடிச்சு மறுபடி நிரப்பினாங்க. பொதுக் குளம்னா ஆயிரம் பசங்களுக்கு ஒரு குளம், அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. நாப்பது பேர் எட்டிப்பார்க்காத அலங்காரக் குளம் ஒவ்வொரு டவருக்கும் எதுக்கு?

அல்சூர் பெரியவர் | புதன், காலை 5:50

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாநகராட்சிக் குளத்தில் கோடை விடுமுறைக்கு இடம் கிடைக்காமல் பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். மர்ஃபி டவுன் பிள்ளைகளுக்கு அதை விட்டால் வேறு குளம் கிடையாது. குண்டுப் பிள்ளைகள் பணக்கார வீட்டில்தான் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும் ஐஸ் பெட்டியுமாகப் பிள்ளைகள் உருண்டு வருகின்றன. விளையாட இடமில்லை, பாதி மைதானம் கார் நிறுத்தமாகிவிட்டது.

மட்டுறுத்துநர் | புதன், காலை 9:00

தண்ணீர் விவாதம் முக்கியமானதுதான். "அபார்ட்மென்ட் சங்கங்கள்" பகுதியில் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே தொடருங்கள். இங்கே குழந்தைகளும் நீச்சலும் மட்டும்.

சந்தேகப்பிராணி | புதன், மதியம் 12:30

சரி, தலைப்புக்கு வர்றேன். அண்ணன் பொண்ணோட அம்மாகிட்ட விசாரிச்சேன். "குளத்துலேர்ந்து வந்தா அகோரப் பசிங்க, ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறா, பாவம்னு போட்டுடறேன்"ங்கறாங்க. ஃபுட்பால் ஆடிட்டு வர்ற தம்பிக்கு அந்தப் பசி இல்லையாம். இது என்ன கணக்கு?

மருந்துச்சீட்டு | புதன், இரவு 10:05

நல்ல கேள்வி. குளிர்தான் காரணம் என்று நினைக்கிறேன். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடல் சூட்டை உறிஞ்சும். 2005-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் 11 ஆண்களைத் தண்ணீருக்குள் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் 20 டிகிரி நீர், ஒரு நாள் 33 டிகிரி. செலவான கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். குளிர்நீர் நாளில் மட்டும் பிறகு நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பதினொரு பேரை வைத்து, அதுவும் பெரியவர்களை வைத்து, குழந்தைகளுக்குச் சட்டம் எழுத முடியாது. ஆனால் டிசம்பர் மாதப் பெங்களூர்க் காலையில் சூடாக்காத திறந்தவெளிக் குளத்திலிருந்து உதடு நீலமாக ஏறி வரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

செய்யவேண்டியது இதுதான்: ஏறியதும் உடனே துடைத்து, ஈர உடையை மாற்றி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். ரசம், மிளகு போட்ட காய்கறி சூப், சர்க்கரை இல்லாத பால். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், அது தெரியாது, அதனால் தாகத்தையும் பசி என்று எடுத்துக்கொள்வார்கள். கால் மணி கழித்துச் சுண்டல், வேர்க்கடலை, முட்டை, இரண்டு இட்லி. வகுப்பு இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அமைந்தால் இன்னும் நல்லது. இடைத்தீனி என்று ஒன்று தேவையே இல்லை, நேராகச் சாப்பாடுதான். பாட்டில் ஜூஸும் மால்ட் பவுடரும் வேண்டாம். "பாவம்" என்று பரிமாறுகிற கைதான் நமக்குப் பெரிய சவால், அதற்கு என்னிடமும் மருந்து இல்லை.

லேன் நாலு | வியாழன், காலை 6:15

எடையைப் பத்தியே பேசி உயிரை மறந்துட வேண்டாம். முழுகறப்ப சினிமால காட்டற மாதிரி கத்தல் கிடையாது. வாய்க்குள்ள தண்ணி போனா சத்தம் எங்கேர்ந்து வரும்? ஒரு போன் பேசி முடிக்கற நேரம் போதும். உலக அளவுல 2021-ல மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீர்ல மூழ்கிச் செத்திருக்காங்க, அதுல சின்னக் குழந்தைங்க நிறைய. அபார்ட்மென்ட் குளத்துல முதல்ல லைஃப்கார்டு இருக்காரான்னு பாருங்க. செக்யூரிட்டி அண்ணனை நாற்காலி போட்டு உட்கார வச்சுட்டு லைஃப்கார்டுன்னு சொல்ற இடங்கள் இருக்கு, அவருக்கே நீச்சல் தெரியாது. கைல காத்தடிச்சு மாட்டற வளையம் விளையாட்டுப் பொருள், பாதுகாப்புச் சாதனம் இல்ல. குளத்து விளக்குல ஈரத்துல ஷாக் அடிக்குதுன்னு யாராவது சொன்னா அன்னைக்கே மெயின்ஸை அணைச்சுக் குளத்தைப் பூட்டணும். வலிப்பு நோய் இருக்கற குழந்தைன்னா கோச்சுக்கு முதல் நாளே சொல்லிடுங்க, கூடவே ஒருத்தர் தண்ணிக்குள்ள நிக்கணும்.

கிணத்துமேட்டு அண்ணா, மன்னிச்சுக்குங்க. தள்ளிவிட்டுக் கத்துக்கொடுக்கற முறையை இங்க யாரும் செய்யக்கூடாது. நீச்சல் வந்தவங்க மட்டும்தான் அந்தக் கதையைச் சொல்ல மிச்சம் இருக்காங்க.

கிணத்துமேட்டான் | வியாழன், காலை 7:40

வாஸ்தவம்தான் தம்பி. கீழத்தெரு பையன் ஒருத்தன் இருந்தான். அதை இங்க எழுத வேண்டாம்.

பெள்ளந்தூர் அம்மா | ஞாயிறு, மாலை 5:10

எல்லாருக்கும் நன்றி. அபார்ட்மென்ட் பேட்சைப் போய்ப் பார்த்தேன். 14 பசங்க, ஒரு லேன், லேன் நாலு சொன்ன மாதிரியே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வரிசை. சேர்க்கல. ஜெயநகர் பக்கம் ஒரு இடத்துல ஆறு பேர் பேட்ச் கிடைச்சிருக்கு, சாயந்திரம் ஆறு மணி. டிராஃபிக்ல போறதுதான் தலைவலி, அவங்க அப்பா வாரத்துல ரெண்டு நாள் வீட்லேர்ந்து வேலை பார்க்கறதால அன்னைக்கு அவர், மூணாவது நாள் நான். ரத்தப் பரிசோதனையும் எடுத்தாச்சு. சர்க்கரை இல்ல, எல்லையை ஒட்டி இருக்கு, மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. முழுக்கை உடை வாங்கிட்டோம், கருநீலம், அவனே எடுத்தான். மாமியார் ரசம் வச்சு ஃபிளாஸ்க்ல ஊத்தித் தர்றதா ஒத்துக்கிட்டாங்க, கூடவே ரெண்டு வடை வைக்கட்டுமான்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அவனுக்குக் கண்ணாடி பவர் மைனஸ் 2. கண்ணாடி இல்லாம கோச் காட்டறது தெரியுமா?

இரட்டைப்பின்னல் | ஞாயிறு, மாலை 5:48

என் பொண்ணுக்கும் அதே கதைதான். பவர் வச்ச நீச்சல் கண்ணாடி ரெடிமேடாவே கிடைக்குது. பெரும்பாலும் ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் வரும், வேற வேற பவர்னா லென்ஸைத் தனித்தனியா வாங்கி மாட்டற மாதிரி மாடல் கேளுங்க. வாங்கறதுக்கு முன்னாடி ரப்பரை மாட்டாம கண்ணு மேல வச்சு லேசா அழுத்திப் பாருங்க. ரெண்டு நொடி விழாம ஒட்டி நின்னா அவன் முகத்துக்குச் சரியான அளவு. ஆன்லைன்ல வாங்காதீங்க, கடைக்கு அவனையும் கூட்டிட்டுப் போங்க.